பொறுப்பாளி எவரும் இல்லை

செப்டம்பர் 9

எருக்கலம்பட்டுக்கு வந்து சேர்ந்தேன். ஆலைச் சுவரை ஒட்டி ஒரே ஒரு தெரு. பூர்ணிமா குரோமேட்ஸ் மூடப்பட்டு ஒரு தலைமுறை ஆகிறது. தோல் பதனிடும் உப்பு தயாரித்த ஆலை அது. ஆட்கள் போய்விட்டார்கள், இயந்திரங்கள் போய்விட்டன, கூரைத் தகரம்கூடப் போய்விட்டது. கழிவு மட்டும் பனை உயரத்துக்கு நிற்கிறது. மஞ்ச மேடு என்கிறார்கள்.

அதை அள்ளி அகற்ற ஒப்பந்தம் எடுத்திருக்கும் நிறுவனம் என்னை அனுப்பியிருக்கிறது. சட்டம் படித்தவள் என்பதால் எனக்கு மூன்று வேலைகள்: விதிகளை இந்தத் தெருவுக்குப் புரியும்படி தமிழில் சொல்வது, கழிவுக்குப் பொறுப்பானவரைத் தேடுவது, பொது விசாரணை நடத்திக் கொடுப்பது.

சம்பூர்ணம் என்பவரின் வீட்டில் முன்னறை கிடைத்தது. ஐம்பத்தைந்து வயதிருக்கும். கணவர் ஏகாம்பரம் அந்த ஆலையில் வேலை பார்த்தவராம், இறந்து வெகுகாலமாகிறது. என் அறைக்குப் பின்னால் இன்னொரு அறை இருக்கிறது, பூட்டியிருக்கிறது. “பழைய சாமான் கெடக்குது எப்சிம்மா” என்றார். ஹெப்சிபா என்ற என் பெயர் ஒரே நாளில் அப்படிச் சுருங்கிவிட்டது.

குளிக்கத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தார். எலுமிச்சைச் சாறு கலந்த மாதிரி தெளிவான மஞ்சள். குடிக்க மட்டும் லாரித் தண்ணீராம்.

செப்டம்பர் 11

நாள் முழுவதும் சொற்களோடு உட்கார்ந்திருந்தேன். விதிநூல் இடத்தை மனிதரைப் போலவே பிரிக்கிறது. முதலில் அது ‘சந்தேகத்துக்குரிய தளம்’. மண்ணையும் நீரையும் சோதித்த பின் ‘மாசுபட்ட தளம்’. நஞ்சு எங்கிருந்து கிளம்புகிறதோ அது மூலம். அது போகும் பாதை வழி. கடைசியில் எந்த உயிரில் போய்ச் சேருகிறதோ அதற்கு நல்ல தமிழ்ச்சொல் கிடைக்கவில்லை. ‘ஏற்பி’ என்று எழுதினேன்.

காபி கொண்டுவந்த சம்பூர்ணம்மா தோளுக்கு மேலிருந்து படித்தார்.

“ஏற்பின்னா இன்னாம்மா?”

“அந்த விஷம் யார் உடம்புல சேருதோ அவங்க.”

“அட, எங்களுக்கு ஒரு பேர் கீதா!” என்று சிரித்தார். பிறகு அடுத்த சொல்லில் விரலை வைத்தார். “இது இன்னாது, அநாதைத் தளம்?”

கழிவைக் கொட்டியவர் உயிரோடு இல்லை, அல்லது எங்கே என்று தெரியவில்லை என்றால் அந்த இடத்துக்கு அதுதான் பெயர் என்றேன். அப்போது அரசே தன் நிதியில் சுத்தம் செய்யும்.

அவர் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

செப்டம்பர் 12

நேற்றுத் தரையில் சர்க்கரை சிந்தியது. இன்று மாலைவரை எறும்பு வரவில்லை.

செப்டம்பர் 17

பின்னறையிலிருந்து ஒரு விசில் சத்தம் வருகிறது. மெல்லியது. இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுக்கிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் தெரு அடங்கும் நேரத்தில் நன்றாகக் கேட்கிறது. ஓட்டு இடுக்கில் காற்று நுழைகிறது என்று வைத்துக்கொண்டேன். இன்று காற்றே இல்லை.

தெருத் தலைவர் கோதண்டத்தைச் சந்தித்தேன். ஆலையில் கொதிகலன் பக்கம் வேலை பார்த்தவர். அவர் பேசி நிறுத்தும்போதெல்லாம் அதே சத்தம் அவர் முகத்திலிருந்து வந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி வலது மூக்கில் விட்டார். இடது மூக்கு வழியாக நுனி வெளியே வந்தது.

“குரோம் தூளு நடுத்தண்டைத் தின்னுடும்மா. வலியே இருக்காது. ஒரு நாள் மூச்சு விட்டா விசில் அடிக்கும். அந்த ஆலைக்குள்ள போனவன் யாரா இருந்தாலும் இப்டிதான். முதலாளிக்கும் இதே ஓட்டைதான்.”

“முதலாளியை நீங்க பார்த்திருக்கீங்களா?”

“ராஜமன்னாரா? எங்கியோ போய்ட்டாரு. செத்துருப்பாரு” என்றார். கேள்விக்குக் காத்திருந்தவர் போல உடனே வந்தது பதில்.

செப்டம்பர் 24

சுற்றுச்சூழல் துறையின் பொறியாளர் அலாவுதீன் வந்திருந்தார். மாவட்டத்தில் இந்தக் கோப்பு அவர் கையில்தான் இருக்கிறது. முகமூடியை அவிழ்க்காமலே பேசினார்.

“பொறுப்பாளின்னு ஒருத்தர் உயிரோட கெடச்சுட்டா, நோட்டீஸ் விடணும். அவர் அப்பீல் போவார். சொத்து இருக்கா, இல்லையான்னு கோர்ட்ல நடக்கும். நம்ம ஃபைல் வேற மேஜைக்குப் போயிடும் மேடம். நான் ரிட்டயர் ஆகறதுக்குள்ள அது திரும்பி வராது.”

“கிடைக்கலேன்னா?”

“ஒழுங்கா தேடினோம், கெடைக்கலைன்னு நீங்க கையெழுத்துப் போடுங்க. பொங்கல் கழிஞ்சு வண்டி வந்துடும்.”

ஒழுங்காகத் தேட வேண்டும். அதுதான் விதி. தேடுவேன்.

இன்று மூக்கில் கொஞ்சம் ரத்தம். வெயில் அதிகம்.

அக்டோபர் 3

பத்திரிகையில் அறிவிப்பு வந்துவிட்டது. நாளைக்குத் தெருவில் ஒலிபெருக்கியில் படிக்க வேண்டும் என்பதால் அறையில் நின்று ஒரு முறை உரக்கப் படித்துப் பார்த்தேன். “பூர்ணிமா குரோமேட்ஸ் நிறுவனத்தின் பங்குதாரரும், எஞ்சியுள்ள ஒரே உரிமையாளருமான ராஜமன்னார், தகப்பனார் பெயர் வரதராஜுலு, என்பவர் உயிருடன் இருப்பின்...”

பின்னறையின் விசில் நின்றது.

நானும் நிறுத்தினேன். சுவரின் இந்தப் பக்கம் நானும், அந்தப் பக்கம் அதுவும். வெகுநேரம் கழித்து, மூச்சைப் பிடித்திருந்தவர் விடுவது போல, நீளமாக ஒரு விசில்.

எலியாக இருக்கலாம். பழைய சாமான் என்றால் எலி இருக்கும்.

அக்டோபர் 4

தெருவில் படித்தேன். யாரும் வெளியே வரவில்லை. எல்லாக் கதவுகளும் திறந்துதான் இருந்தன.

அக்டோபர் 14

இரண்டு நாளாக நல்ல மழை. தவளை ஒன்றுகூடக் கத்தவில்லை. மழை விட்டதும் என் அறைச் சுவரின் அடிப்பகுதியில் மஞ்சள் நிறத்தில் ஏதோ பூத்திருந்தது. ஊசி ஊசியாக, அழகாக. விரலால் தொட்டதும் உதிர்ந்தது. “தொடாதம்மா! கை புண்ணாப் பூடும்” என்று சம்பூர்ணம்மா கத்தினார். மேட்டுக்கு உள்ளே போகும் மழைத் தண்ணீர் தெருவுக்கு அடியில் வந்து சுவர் வழியாக ஏறுகிறதாம். வெயில் அடித்தால் பூக்குமாம். மூலம், வழி. எழுதி வைத்ததைக் கண்ணால் பார்த்தாயிற்று.

வேறொன்றையும் கவனித்தேன். நாள்தோறும் மதியம் ஏதாவது ஒரு வீட்டிலிருந்து மூடி போட்ட தட்டு ஒன்று இந்த வீட்டுக்கு வருகிறது. இன்று கோதண்டம் வீட்டிலிருந்து, நேற்று எதிர்வீட்டிலிருந்து. சம்பூர்ணம்மா தானே சமைத்துத்தான் சாப்பிடுகிறார். கொடியில் ஓர் ஆண் வேட்டி காய்கிறது.

நான் வாடகைக்கு இருப்பவள். கேட்பது முறையல்ல.

அக்டோபர் 20

இன்று சம்பூர்ணம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தார். மின்சாரம் இல்லை. புழுக்கம் தாங்காமல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தேன். விசில் சத்தம் கிட்டத்தில் கேட்டது. நிமிர்ந்தால், வாசல்படியில் ஒரு முதியவர் நின்றிருந்தார். மிக உயரம். சட்டையில்லாத மார்பு. கைகள் முழுக்க வட்ட வட்டமாக ஆறிப்போன புண்களின் தழும்பு. பின்னறைக் கதவு அவருக்குப் பின்னால் திறந்திருந்தது. அதில் பூட்டு உட்புறம் தொங்கியது.

உள்ளேயிருந்து பூட்டிக்கொள்ளும் அறை.

“நோட்டீஸ்ல என் தகப்பனார் பேரைத் தப்பாப் போட்டிருக்கீங்க” என்றார். படித்தவரின் பேச்சு. “வரதராஜுலு என் பெரியப்பா. என் தகப்பனார் கோவிந்தராஜுலு. பேர் தப்புன்னா நோட்டீஸ் செல்லாது இல்லையா?”

நான் அறிவிப்பை எடுத்து அந்தப் பெயரைப் பார்த்தேன்.

“எனக்கு ஒரு நோட்டீஸ் சரியான பேர்ல குடுங்கம்மா. நான் வாங்கிக்கறேன். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கறேன். அதுக்காகத்தான் திரும்பி வந்தேன்.”

தெருமுனையில் சம்பூர்ணம்மாவின் குரல் கேட்டதும் அவர் திரும்பி அறைக்குள் போனார். உள்ளே பூட்டு விழுந்தது.

இன்று சம்பூர்ணம்மா வீட்டில் ஒரு முதியவரைப் பார்த்தேன். அவருடைய உறவினர் என்று நினைக்கிறேன்.

அக்டோபர் 22

இரண்டாம் அறிவிப்பில் தகப்பனார் பெயரைத் திருத்தி அனுப்பினேன். சரியான பெயர் எங்கிருந்து தெரிந்தது என்று யாரும் கேட்கவில்லை.

நவம்பர் 2

சம்பூர்ணம்மாவே பேச்சைத் தொடங்கினார். முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வெளியூர்க் கீரை, இங்கே முளைப்பதை யாரும் சமைப்பதில்லை.

“நீ பாத்துட்டன்னு தெரியும் எப்சிம்மா.”

நான் கீரையைப் பார்த்தேன்.

“போன வருசம் மழைக் காலத்துல ஒரு நாளு வந்து வாசல்ல நின்னாரு. வீடு, பொண்டாட்டி, புள்ளைங்க எல்லாம் போய்ட்டாங்க, ஒண்ணும் இல்லைன்னாரு. தண்ணி கேட்டாரு. போர்த் தண்ணி, மஞ்சத் தண்ணிதான் மொண்டு குடுத்தேன். பாத்தாரு. பாத்துட்டு முழுசாக் குடிச்சாரு. என் வூட்டுக்காரரு ரத்தம் ரத்தமா வாந்தி எடுத்துதான் செத்தாரு. அந்தாளு குடிக்கறதப் பாக்கணும்னு எத்தினி வருசம் நெனச்சிருப்பேன்! குடிச்சதும் எனக்கு ஒண்ணுமே ஆவல. பசிக்குதான்னு கேட்டேன்.”

“மன்னிச்சிட்டீங்களா?”

“மன்னிக்கல. சோறு போடறேன். ரெண்டும் வேற.”

தெரு கூடிப் பேசியதாம். போலீசில் சொல்லலாம் என்று சிலர். அப்போதுதான், முதலாளி இல்லை என்றால் அரசாங்கமே மேட்டை அள்ளும் என்ற செய்தி வந்திருக்கிறது. அன்றிலிருந்து வீட்டுக்கு ஒரு நாள் என்று சோறு.

“அவரு ஒத்துக்கணும்னு நிக்கறாரு. நானேதான் பொறுப்புன்னு சொல்லிட்டு ஜெயிலுக்குப் போறேங்கறாரு. அவருக்கு மனசு ஆறிடும். மேடு அப்பிடியே நிக்குமே?”

நானும் ஒரு கொத்துக் கீரையை எடுத்து ஆயத் தொடங்கினேன். எனக்குத் தெரிந்த வரையில் இது ஒரு குடும்ப விஷயம்.

நவம்பர் 18

பொது விசாரணை பள்ளிக்கூடத்தில் நடந்தது. தெரு முழுவதும் வந்திருந்தது. அலாவுதீன் நடுவில், நான் பக்கத்தில். நஞ்சு, வழி, ஏற்பி எல்லாவற்றையும் விளக்கினேன். மேட்டை எப்படி அள்ளுவார்கள், எந்த மூடிய குழியில் போய் அடைப்பார்கள், எந்தெந்த வீடுகள் எல்லைக்கோட்டுக்கு உள்ளே வருகின்றன என்று சொன்னேன். தெருவே கோட்டுக்கு உள்ளேதான். வேறிடத்தில் குடிவைப்பார்கள், வைத்தியம் பார்ப்பார்கள். அழுதவர்கள் உண்டு.

கடைசியாக அந்த வாசகத்தைப் படித்தேன். “விதிப்படி தேடியும் பொறுப்பாளி எவரும் கண்டறியப்படவில்லை. ஆகவே இதை அநாதைத் தளமாக அறிவிக்க உத்தேசம். ஆட்சேபம் உள்ளவர்கள் தெரிவிக்கலாம்.”

பின் வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். எல்லாரையும் விட உயரமாக எழுந்து நின்றார்.

“ஆட்சேபம் இருக்கு. நான் ராஜமன்னார். கோவிந்தராஜுலு மகன். பூர்ணிமா என் கம்பெனி. அந்த மேடு நான் கொட்டினது.”

ஒருவரும் திரும்பவில்லை. அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஒருவர் பேசினால் நம்மை அறியாமல் கழுத்து திரும்பும். குழந்தைகளின் கழுத்துகூடத் திரும்பவில்லை. அவருக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் அவர் நிற்கும் இடத்தின் வழியாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கணம் எனக்கே சந்தேகம் வந்தது, அங்கே யாராவது நிற்கிறார்களா என்று.

“நான்தான்! கேக்குதா? நான்தான்!” என்றார். பிறகு அவர் மூச்சின் விசில் மட்டும் கூடம் முழுக்கக் கேட்டது. கோதண்டத்தின் மூக்கும் சேர்ந்துகொண்டது. இன்னும் இரண்டு மூன்று பேரின் மூக்கும். யாருடைய சத்தம் எது என்று பிரிக்க முடியவில்லை.

அலாவுதீன் மெதுவாகக் கேட்டார், “யார் அவர்?”

“யாரைக் கேக்கறீங்க சார்?” என்றார் கோதண்டம்.

அலாவுதீன் என்னைப் பார்த்தார். முதல் வரிசையில் சம்பூர்ணம்மாவும் என்னைப் பார்த்தார்.

“ஆட்சேபம் ஏதும் இல்லை, சார்” என்றேன்.

அலாவுதீன் கோப்பை மூடினார். கூட்டம் கலைந்தபோது ராஜமன்னாரைச் சுற்றி, தூணைச் சுற்றிப் போவது போல ஒதுங்கிப் போனார்கள். யாரும் இடிக்கவில்லை. சம்பூர்ணம்மா மட்டும் திரும்பிப் பாராமல் கையைப் பின்னால் நீட்டினார். அவர் அதைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

நவம்பர் 19

கையெழுத்துப் போட்டேன். தேடினேன் என்பது உண்மைதான்.

ஜனவரி 8

அறிவிப்பு வந்துவிட்டது. இனி இது அநாதைத் தளம், தெரு காலியாக வேண்டும். வேற்றூரில் வீடு ஒதுக்க ஒவ்வொரு குடும்பத்தின் ஆட்களையும் நான் பதிய வேண்டும். பேர் பதிந்தவருக்குத்தான் வண்டியில் இடம், வீடு, வைத்தியம். அதன்பின் இந்த வீடுகளை இடித்துவிடுவார்கள்.

சம்பூர்ணம்மா வீட்டில்தான் கடைசியாக உட்கார்ந்தேன். பின்னறைக் கதவு இன்று அகலத் திறந்திருந்தது. முதலாளி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். விசாரணைக்குப் பிறகு அதிகம் பேசுவதில்லையாம்.

“வீட்டில் எத்தனை பேர்?” என்று கேட்டேன். எல்லா வீட்டிலும் கேட்ட கேள்வி.

“ரெண்டு பேரு. நானு, என் வூட்டுக்காரரு ஏகாம்பரம்” என்றார் சம்பூர்ணம்மா.

நான் பேனாவை எடுத்தேன், வைத்தேன்.

“அவரு செத்தத நாங்க பதியவே இல்ல எப்சிம்மா. இது கம்பெனி குடுத்த வூடு. ஆள் செத்தா காலி பண்ணச் சொல்லுவாங்கன்னு பயந்துகினு மூடி மறைச்சுட்டோம். கார்டுல இன்னிக்கும் அவரு பேரு கீது. அவருக்குன்னு ஒரு எடம் காலியாத்தானே கீது?”

கட்டிலிலிருந்து குரல் வந்தது. “வேணாம் சம்பூர்ணம். அந்தப் பேருக்கு நான் எப்பிடி... நான் இங்கயே இருந்துடறேன். இடிக்கட்டும்.”

“நீ சும்மா இரு” என்றார் சம்பூர்ணம்மா. முதலாளியை அவர் ‘நீ’ என்று சொல்லி அன்றுதான் கேட்டேன். “செத்துப் போய்த் தப்பிக்கலாம்னு பாக்கறியா? பேரக் கூப்ட்டா இருக்கேன்னு சொல்லு. அவ்ளோதான் உனக்கு வேலை.”

அவர் தலைகுனிந்தார். சம்பூர்ணம்மா என் பக்கம் திரும்பி, “எழுதும்மா” என்றார்.

ஜனவரி 23

எல்லாரும் வண்டி ஏறினார்கள். நானும் அறையைக் காலி செய்துவிட்டேன். பாய்க்கு அடியில் தரை முழுக்க மஞ்சள் பூத்திருந்தது.

பிப்ரவரி 5

புது இடத்தில் மருத்துவ முகாம். தார்ச் சாலையோரம் வரிசையாக வீடுகள், வேப்பங்கன்றுகள். தரையெல்லாம் எறும்பு. நின்று பார்த்தேன்.

டாக்டர் ஒவ்வொருவர் மூக்கிலும் விளக்கு அடித்துப் பார்த்தார். நடுத்தண்டில் ஓட்டை இருந்தால் மேல் சிகிச்சைக்குப் பெயர் குறித்தார். பெயர்களை நான்தான் கூப்பிட்டேன்.

“ஏகாம்பரம்.”

அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அசையவில்லை. பக்கத்தில் இருந்த சம்பூர்ணம்மா அவரைத் தொடவில்லை, பார்க்கவும் இல்லை. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“ஏகாம்பரம்” என்றேன் மறுபடி. தெரு முழுவதும் காத்திருந்தது.

“இருக்கேன்” என்று அவர் எழுந்தார்.

சம்பூர்ணம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் பார்க்கவில்லை, தோள் மட்டும் குலுங்கியது.

முடிவில் டாக்டர் என் மூக்கிலும் விளக்கு அடித்தார். “நீங்க எந்த வீடு?” என்றார். எந்த வீடும் இல்லை, நிறுவனத்திலிருந்து வந்தவள் என்றேன். அவர் என் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டார்.

மார்ச் 12

ஒப்பந்தத்தில் என் பங்கு முடிந்தது. ஊருக்குக் கிளம்பும் முன் மேட்டைப் பார்க்கப் போனேன். பாதி கரைந்துவிட்டது. முகமூடி ஆட்கள் தார்ப்பாய் போட்ட லாரிகளில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். சம்பூர்ணம்மாவின் வீடு இருந்த இடம் பள்ளம். அதற்கு அடியிலும் மஞ்சள்தான்.

அங்கிருந்து புது இடத்துக்கு, சம்பூர்ணம்மாவிடமும் அவரிடமும் சொல்லிக்கொள்ளப் போனேன். வீட்டு வாசலில் முதியவர் வேப்பங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். உடம்பு கொஞ்சம் தேறியிருக்கிறது. தெருக்காரர்களைப் போலவே லுங்கியைத் தூக்கிக் கட்டியிருந்தார். கோதண்டம் அந்த வழியாகப் போனவர், “இன்னா ஏகாம்பரம், டீ குடிச்சியா?” என்றார். “ஆச்சுப்பா” என்றார் இவர். பேச்சே மாறியிருந்தது.

எதற்காக அப்படிச் செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை. ஒரே ஒரு முறை அவரிடம் அவர் பெயரைச் சொல்ல வேண்டும் போலிருந்தது. யாரும் அருகில் இல்லாத நேரம் பார்த்து, தாழ்ந்த குரலில், “ராஜமன்னார் சார்” என்றேன்.

அவர் திரும்பவில்லை. தண்ணீரை ஊற்றி முடித்தார். மறுபடி கூப்பிட்டேன். இப்போது நிமிர்ந்து, என்னைப் பார்த்து, பிறகு எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று சாலையை எட்டிப் பார்த்தார்.

“யாரைத் தேடறம்மா?” என்றார்.

நடிக்கும் முகம் எனக்குத் தெரியும். அது நடிக்கும் முகம் இல்லை.

கதவருகே சம்பூர்ணம்மா நின்றிருந்தார். கேட்டிருப்பார். ஈரக் கையைத் துடைத்தபடி, அவரிடம் பொறுமையாகச் சொன்னார்.

“அவங்க தேடற ஆளு இல்லியாம். நல்லாத் தேடிட்டாங்களாம். எழுதியும் குடுத்துட்டாங்க.”

பிறகு என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். மூன்று இலை போட்டிருந்தது.